பூசத்து நிலாவின் மேல் போட்ட பழி: ஃபெஸ்து காயலில் ஓர் இரவு முக்குளிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் ஜொகூர் மாநிலக் குளுவாங்கிலிருந்து மாலத்தீவுக்குப் போய் வந்த எட்டுப் பேரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "நிலா கெடுத்துருச்சு." தைப்பூசத்துக்குக் காவடி பார்த்துவிட்டு மறுநாள் காலை விமானம் ஏறியவர்கள். பூசம் என்றாலே பௌர்ணமி. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் மான்டா எனும் கொம்புத் திருக்கைகளைப் பார்ப்பதற்காகவே ஓராண்டு கூட்டுப் பணம் கட்டி ஏற்பாடு செய்த பயணம் அது. 52 நிமிடம் கடலடி மணலில் மண்டியிட்டுக் காத்திருந்ததற்குக் கிடைத்தது ஒரே ஒரு மான்டா, அதுவும் ஒன்றரை நிமிடம். எட்டுப் பேரில் நால்வர் அதையும் பார்க்கவில்லை. அவர்கள் அதற்குள் படகில் ஏறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்டுப் பேரின் டைவ் கணினிப் பதிவுகள், படகின் நேரக் குறிப்பு, வழிகாட்டி சொன்ன விவரம் ஆகியவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. நிலாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. பெரிய தவறு, கடிகாரத்தைப் பார்த்து இறங்கியதுதான். தண்ணீரைப் பார்த்து இறங்கியிருக்க வேண்டும். மற்றவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை, அல்லது இதன் வலியைக் கூட்டியவை.

இடமும் விலங்கும்

ஃபெஸ்து காயல், மாலத்தீவின் அரி அட்டோலின் (வளையமான பவளத்தீவுக் கூட்டம்) வட பகுதியில் இருக்கிறது. அடியில் மணல், ஆழம் 10 முதல் 15 மீட்டர், சுற்றிலும் பவளத்திட்டு. தங்கு படகுகள் மாலையில் இங்கே நங்கூரம் போட்டுப் பின்பக்கத்தில் விளக்கேற்றும். வெளிச்சத்துக்கு மிதவை உயிரிகள் (பிளாங்க்டன்) திரளும். அவற்றைத் தின்னப் பவளத்திட்டு மான்டாக்கள் வரும். இறக்கை விரிவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை மீட்டர். வயிற்றுப் பக்கப் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். திரள் அடர்த்தியாக இருந்தால் வாயைத் திறந்தபடி பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே ஒரே இடத்தில் சுழன்று தின்னும். அந்தக் காட்சிக்காகத்தான் மக்கள் கடல் தாண்டிப் போகிறார்கள்.

மான்டா எப்போது தின்னும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் லேடி எலியட் தீவில் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒரு கன மீட்டர் நீரில் மிதவை உயிரிகளின் உலர் எடை சுமார் 11 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் அங்குள்ள மான்டாக்கள் தின்னத் தொடங்கின. அதற்குக் கீழே என்றால் கடந்து போய்விடும். வாயை அகலத் திறந்து நீந்துவதற்கு அதிக உழைப்பு தேவை. கிடைக்கும் தீனி அதற்குக் கட்டுப்படியாக வேண்டும். ஃபெஸ்துவின் எல்லை இதே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அன்றிரவு நடந்தது முழுக்கப் புரியும்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எட்டுப் பேரும் பார்த்து வைத்திருந்தவை ஹவாயின் கோனா கரைக் காணொளிகள். அங்கே கடலோர ஹோட்டல் ஒன்று தண்ணீர்மேல் விளக்குப் போட, அதற்கு மிதவை உயிரிகள் கூட, மான்டாக்கள் தலைமுறையாகப் பழகிப்போன இடம் அது. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட விளக்கு, ஆண்டு முழுக்க ஒவ்வொரு இரவும் அதே ஏற்பாடு. ஃபெஸ்துவில் ஒவ்வொரு இரவும் வேறு படகு, வேறு விளக்கு, வேறு நங்கூரப் புள்ளி. கோனாவில் கடிகாரம் பார்த்து இறங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே அது செல்லாது.

குளுவாங்கில் தொடங்கிய குறை

போனவர்கள்: செம்பனை ஆலையின் ஃபிட்டர்கள் இருவர், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், அவருடைய கணவர், தோட்ட டிரஸர் (மருத்துவ உதவியாளர்), லோரி பட்டறைக்காரர், கல்லூரி மாணவர்கள் இருவர். எல்லாரும் உரிமம் பெற்ற முக்குளிப்பவர்கள். 50-ஆம் எண் சாலையில் மெர்சிங் போய், அங்கிருந்து தியோமானுக்குப் படகேறிக் கற்றவர்கள். இரவு முக்குளிப்பு அனுபவம் மூவருக்கு மட்டும்.

ஜொகூரின் கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, கடல் மூடிக்கிடக்கும். இவர்கள் கடைசியாகக் கடலில் இறங்கியது அக்டோபரில். மாலத்தீவிலோ அதே வடகிழக்குப் பருவம்தான் தெளிந்த வானமும் அமைதியான கடலும் தரும் காலம். அப்போது மிதவை உயிரிகள் பெரும்பாலும் அட்டோல்களின் மேற்குப் புறத்தில் சேரும், மான்டாக்களும் அந்தப் பக்கம் போகும். பருவத் தேர்வில் தவறே இல்லை. ஆனால் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மாலத்தீவில் கடல் திறக்கும்போது ஜொகூரில் மூடியிருக்கிறது. மூன்று நான்கு மாதம் கடல் தொடாத உடம்போடு நேராக இருட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டி வருகிறது.

அதை ஈடுகட்டத்தான் ஜனவரியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் பயிற்சி செய்தார்கள். நல்ல எண்ணம். எடைச் சோதனையும் குளத்திலேயே நடந்தது, அங்கே கிடைத்த எண்ணைத்தான் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொண்டார்கள். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு கனமானது. உடம்பும் உபகரணமும் சேர்த்து 95 கிலோ இருக்கும் ஒருவருக்குக் குளத்து எடையோடு இன்னும் 2.4 கிலோ அளவில் சேர்க்க வேண்டும். மாலத்தீவில் முதல் நாள் சோதனை முக்குளிப்பில் மிதந்து தவித்ததைப் பார்த்து வழிகாட்டி ஆளுக்கு ஒரு கிலோ கூட்டினார். டேங்க் நிறைந்திருக்கும்வரை அது போதுமானதாகத் தெரிந்தது. மீதி ஒன்றரை கிலோ குறைவு இரவில் தன் வேலையைக் காட்டியது.

அன்றிரவு நடந்தது

பூசம் கழிந்து இரண்டாம் நாள். காலையில் வட மாலே அட்டோலில் ஒரு முக்குளிப்பு, பிறகு அரிக்குக் கடல் கடத்தல். காயலில் நங்கூரம் விழுந்தது மாலை 5.40. ஏற்கெனவே மூன்று படகுகள் நின்றிருந்தன. சூரியன் மறைந்தது 6.20 வாக்கில். பின்பக்கத்து 200 வாட் எல்இடி விளக்கு இரண்டையும் 7.15-க்கு ஏற்றினார்கள். 7.30-க்குச் சாப்பாடு. 7.50 அளவில் நிலா எழுந்தது. 8.15-க்கு விளக்கவுரை. 8.40-க்கு வழிகாட்டி இறங்கி, நீருக்கடி விளக்கு இரண்டைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து 12 மீட்டர் ஆழத்தில் மணலில் நிறுத்தினார். 9.00-க்கு எட்டுப் பேரும் தோணியிலிருந்து இறங்கினார்கள். (முக்குளிப்புக்குப் பயன்படும் துணைப் படகை மாலத்தீவிலும் தோணி என்றே சொல்கிறார்கள்.)

விளக்குக் கூடையைச் சுற்றி வட்டமாக மண்டியிட்டார்கள். 29-ஆம் நிமிடம் ஆசிரியையின் டேங்க் 60 பாரில் (காற்றழுத்த அளவு; நிறை டேங்க் 200 பார்) இருந்தது. கணவரோடு மேலே வந்தார். 38-ஆம் நிமிடம் பட்டறைக்காரர், கூடவே டிரஸர். 41-ஆம் நிமிடம் ஒரு மான்டா படகின் பின்புற வெளிச்சத்தில் தெரிந்து, கீழே இறங்கி, இரண்டு வட்டம் போட்டது. மாணவர் ஒருவர் வீடியோ விளக்கோடு எழும்பிப் பின்தொடர, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து இருட்டுக்குள் போய்விட்டது. 52-ஆம் நிமிடம் எல்லாரும் மேலே.

இரவு 1.15-க்குக் காவலில் இருந்த படகு ஊழியர் பின்புறப் பலகையிலிருந்து இரண்டு மான்டாக்களைப் பார்த்தார். விளக்கு அணைக்கப்படாமல் இருந்தது. 2.30 வரை அவை விளக்கடியில் குட்டிக்கரணம் போட்டுத் தின்றுகொண்டிருந்தன. எட்டுப் பேரும் தூக்கத்தில். எழுப்பச் சொல்லி யாரும் சொல்லி வைக்கவில்லை. காலைச் சாப்பாட்டில் இதைக் கேட்டபோது ஆசிரியை கேட்டது ஒன்றுதான்: "ஏன் தம்பி, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

காலையில் இன்னொரு செய்தியும் வந்தது. பக்கத்துப் படகு 6.10-க்கே விளக்கேற்றியிருந்தது. அவர்களுக்கு 8.30-லிருந்து நான்கு மான்டா.

நிலாவின் பங்கு எவ்வளவு

மிதவை உயிரிகள் வெளிச்சத்தை நோக்கி நகர்வது, சுற்றிலும் இருட்டாக இருக்கும்போதுதான் வலுவாக இருக்கும். கடல் ஆய்வாளர்கள் வைக்கும் ஒளிப்பொறிகளில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் குறைவாகவே அகப்படும்; நிலவொளியில் விளக்கு எடுபடாமல் போகிறது. ஆகவே பூசத்தை ஒட்டிய தேதி நல்ல தேதியல்ல என்பது உண்மை.

ஆனால் அதே காயலில், அதே நிலாவின் கீழ், பக்கத்துப் படகுக்கு நான்கு வந்தன. நிலா ஏறத்தாழ உச்சியில் நின்ற 1.15-க்கு இவர்கள் படகுக்கே இரண்டு வந்தன. நிலாதான் முழுக் காரணம் என்றால் இந்த இரண்டும் நடந்திருக்கக் கூடாது. எங்கள் கணிப்பு இதுதான்: திரள் கூடும் வேகத்தை நிலா குறைத்தது, கூடவிடாமல் தடுக்கவில்லை. அமாவாசையில் ஒரு மணி நேரம் போதும் என்றால், இந்த இரவில் இரண்டரை மணி நேரம் விளக்கு எரிந்திருக்க வேண்டும். பக்கத்துப் படகு 8.30-க்குள் எரித்தது 2 மணி 20 நிமிடம். இவர்கள் படகுக்கு முதல் மான்டா வந்தது 9.41-க்கு; விளக்கேற்றி 2 மணி 26 நிமிடம். இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

தேதியைப் பற்றிச் சொல்ல நடைமுறையில் ஒன்று இருக்கிறது. நம் பண்டிகை நாள்காட்டியே நிலா நாள்காட்டி. தைப்பூசம் முழுநிலா: 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. சீனப் புத்தாண்டு அமாவாசை: 2024-இல் பிப்ரவரி 10, 2025-இல் ஜனவரி 29, 2026-இல் பிப்ரவரி 17. விடுமுறை இரண்டுமே கிடைக்கும் ஊர் நம்முடையது. இரவு மான்டாவுக்கு என்றால் சீனப் புத்தாண்டு விடுமுறைதான். பூசத்தை விட்டுவிட்டுப் போக மனம் வராதவர்களுக்கும் வழி உண்டு. நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தி எழும். பௌர்ணமி கழிந்து ஐந்தாம் இரவில் அது எழவே பத்து மணிக்கு மேலாகும். சூரியன் மறைந்த பிறகு மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாத முழு இருட்டு கையில் இருக்கும். இவர்களுடையது ஏழு இரவுப் பயணம். பாதையைத் திருப்பிப் போட்டு, ஃபெஸ்துவை இரண்டாம் இரவுக்குப் பதில் ஐந்தாம் இரவில் வைத்திருந்தால் அதே விடுமுறை, அதே செலவு, வேறு வானம். படகை முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்க வேண்டும். எல்லாப் படகும் ஒத்துக்கொள்ளாது, கேட்டால் சில ஒத்துக்கொள்ளும்.

விளக்கும் காற்றும்

அன்று வடகிழக்கிலிருந்து 10, 12 நாட் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்) காற்று. படகு முன்பக்க நங்கூரம் ஒன்றில் மட்டும் நின்றது. அப்படி நிற்கும் படகு காற்றுக்கு ஏற்ப ஊஞ்சல்போல் இரு பக்கமும் அசையும். பின்புறம்தான் அதிக தூரம் அலையும். விளக்கு இருப்பதும் பின்புறத்தில். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், திரண்ட உயிரிகளில் பாதி வெளிச்சத்துக்கு வெளியே விடுபட்டுக் கலைந்துவிடும். வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது வாளியை இழுத்துக்கொண்டே இருப்பதுபோல.

இதைவிடக் கெட்டது கூடைக்கும் படகுக்கும் நடுவே வந்த பிளவு. 8.40-க்குக் கூடையை வைத்தபோது அது பின்புறத்துக்கு நேர் கீழே இருந்தது. 9.20-க்குள் பின்புறம் 25 மீட்டர் விலகிவிட்டது என்கிறார் வழிகாட்டி. மேல் விளக்கின் ஒளியும் அடி விளக்கின் ஒளியும் சேர்ந்து ஒரே தூணாக நிற்க வேண்டும். அந்தத் தூணுக்குள்தான் திரள் கூடும். அன்று தூண் இரண்டாக உடைந்தது. திரள் மேலே படகோடு போனது, ஆட்கள் கீழே கூடையோடு இருந்தார்கள். அந்த ஒற்றை மான்டா முதலில் எங்கே தெரிந்தது? பின்புற விளக்கடியில்.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று அடங்கியது. படகு நின்ற இடத்தில் நின்றது. 1.15-க்கு மான்டாக்கள் வந்ததற்கு ஆறு மணி நேர வெளிச்சம் ஒரு காரணம் என்றால், அசையாத படகு இன்னொரு காரணம்.

சரி செய்யும் முறை எளிது, ஆனால் மாலை வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும்: பின்புறத்திலிருந்து இரண்டாவது நங்கூரம் ஒன்றை வெறும் மணலில் போட்டுப் படகை இரண்டு பக்கமும் கட்டிவிடுவது. சுற்றிலும் படகுகள் நெருங்கி நின்றால் அதற்கு இடமிருக்காது. அப்போது கூடையை நம்பக் கூடாது. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்புறத்துக்குக் கீழே நகர வேண்டும், அல்லது கூடையை விட்டுவிட்டு ஆட்களின் டார்ச்சுகளைக்கொண்டு தூண் எழுப்ப வேண்டும். எட்டு டார்ச்சும் மடியில் ஊன்றி, நேர் மேலே பார்த்து, இரண்டு மூன்று மீட்டர் வட்டத்துக்குள். அன்று எட்டு டார்ச்சும் எட்டுத் திசையில் மான்டாவைத் தேடிக்கொண்டிருந்தன. எட்டுச் சின்ன ஒளிக்கோடுகளால் திரள் கூடாது.

திரள் கூடிவிட்டதா என்று பார்க்க அளவுகருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் ஒன்று, ஒரு டார்ச். விளக்கடியில் போத்தலை முக்கி நிரப்பி, இருட்டில் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடிக்க வேண்டும். துள்ளும் புள்ளிகளை எண்ண முடிந்தால் இன்னும் நேரமாகவில்லை. எண்ண முடியாமல், அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கி, கலங்கல் முழுக்க அசைந்தால் அதுதான் நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதோடு பின்புறப் பலகையில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மான்டா வந்து, இரண்டாவது சுற்றுக்குத் திரும்பி வந்த பிறகே இறங்குவது என்று வைத்துக்கொள்ளும் வழிகாட்டிகள் உண்டு. தின்னத் தொடங்கிய மான்டா எளிதில் விட்டுப் போகாது. எட்டுப் பேர் சத்தமில்லாமல் இறங்கினால் பொருட்படுத்தாது. எல்லாரும் உபகரணத்தைக் கோத்து, சோதித்து, வெட்சூட்டை இடுப்புவரை ஏற்றித் தயாராக இருந்தால் பார்த்ததிலிருந்து 10 நிமிடத்தில் தண்ணீரில் இருக்கலாம். இந்தப் பொறுமைதான் அன்று இல்லாமல் போனது. சாப்பாடு முடிந்தது, விளக்கவுரை முடிந்தது, ஆகவே இறங்கினார்கள்.

டேங்கில் இருந்த காற்று

இந்தக் கணக்கைப் பயணத்துக்கு முன் எட்டுப் பேரில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது வருத்தம் தருகிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

வழக்கமான அலுமினிய டேங்க் 11.1 லிட்டர். 200 பாரில் சுமார் 2,220 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பைக் கழித்தால் பயன்படுத்த மிஞ்சுவது 1,665 லிட்டர். 12 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.2 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பவர் அங்கே 33 லிட்டர் இழுப்பார். 50 நிமிடம் வரும். 24 லிட்டர் இழுப்பவருக்கு 53 லிட்டர், 31 நிமிடம்தான். ஆசிரியையின் பதிவு அச்சாக இதே கணக்குத்தான்: 29 நிமிடத்தில் 140 பார்.

அவர் பகலில் இப்படி இழுப்பவரல்ல. முந்தைய நாள் பதிவில் நிமிடத்துக்கு 17 லிட்டர் அளவு. இரவில் கூடியதற்குக் காரணம் பயம். திருக்கை என்றாலே வால் முள் என்று கேட்டு வளர்ந்தவர். கடைத்தெருவில் ஈக்கான் பாரி (திருக்கை மீன்) வாங்கும்போதுகூட வாலை வெட்டிவிட்டார்களா என்று பார்க்கும் பழக்கம். பவளத்திட்டு மான்டாவின் வாலில் கொட்டும் முள் கிடையாது, அது வடிகட்டித் தின்னும் விலங்கு, தலையின் இரு பக்கத்துக் கொம்புகள் உணவை வாய்க்குள் ஒதுக்கும் மடிப்புகள் மட்டுமே என்பதை விளக்கவுரையில் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். "டீச்சர், இது குத்தாது" என்ற மூன்று சொல் அவருக்குப் பத்து நிமிடக் காற்றைக் கொடுத்திருக்கும்.

குளிரும் ஒரு காரணம். தண்ணீர் 28 டிகிரி. பகலில் 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். ஆனால் நீந்தாமல் அரை மணி மண்டியிட்டால் உடம்பு ஆறும், நடுங்கும், மூச்சு கூடும். தலையுறையோடு கூடிய உள் மேலாடை ஒன்று போட்டிருந்தால் போதும்.

12 மீட்டரில், உடம்பில் சேரும் நைட்ரஜனுக்கான நேர வரம்பு பெரிய தடையல்ல. காற்றுதான் முதலில் தீரும். ஆகவே காத்திருக்கும் நேரத்தைத் தண்ணீருக்கு மேலே கழிப்பதுதான் கணக்கு. 41 நிமிடம் கீழே காத்திருந்ததைப் படகிலேயே காத்திருந்து 9.45-க்கு இறங்கியிருந்தால், எட்டுப் பேருக்கும் நிறை டேங்க் இருந்திருக்கும்.

மணல் புகை

நிறைந்த டேங்கில் இருக்கும் காற்றின் எடை சுமார் 2.7 கிலோ. 70 பாருக்கு வரும்போது அதில் 1.7 கிலோ போயிருக்கும். ஏற்கெனவே ஒன்றரை கிலோ குறைவாக இறங்கியவர்கள் 25-ஆம் நிமிடத்திலிருந்து மிதக்கத் தொடங்கினார்கள். கீழே தங்க ஃபின்னை (கால் துடுப்பை) அடித்தார்கள். அடித்ததில் மணல் எழும்பி, விளக்கொளியில் வெள்ளைப் புகையாக நின்றது. அந்தப் புகைக்குள் மிதவை உயிரி எது, மணல் எது என்று வழிகாட்டிக்கே தெரியவில்லை. அசையாமல் மண்டியிடும் முக்குளிப்புக்கு வழக்கமான கடல் எடையைவிட ஒன்று முதல் இரண்டு கிலோ கூடுதலாகவே போட வேண்டும். மண்டியிடுவது வெறும் மணலில் மட்டும். பவளம் இருக்கும் பக்கம் முழங்கால் படக் கூடாது.

டார்ச் விஷயத்தில் ஆளுக்கு ஒன்றுதான் கொண்டு போயிருந்தார்கள். முதன்மை ஒன்று, மாற்று ஒன்று, டேங்க் வால்வில் ஒளிரும் அடையாள விளக்கு ஒன்று: இது குறைந்த அளவு. ஃபிட்டர் ஒருவரின் டார்ச் 35-ஆம் நிமிடம் மங்கியது; கூட்டாளியின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது. டார்ச்சால் மணலில் பெரிய வட்டம் என்றால் நலம், வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் அபாயம் என்ற சைகைகளையும் படகிலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஒன்றரை நிமிடம்

வந்த மான்டா தின்னவில்லை. வாய் மூடியிருந்தது என்று பார்த்த நால்வரும் சொல்கிறார்கள். திரள் எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருந்த நேரம் அது. நோட்டம் பார்க்க வந்திருக்கிறது. அப்படிப்பட்ட மான்டாவை இருக்கவைக்க ஒரே வழி எல்லாரும் தரையோடு தரையாக அசையாமல் இருப்பது. மாணவர் எழும்பியது ஆசையில். அந்த வயதில் யார்தான் எழும்ப மாட்டார்? ஆனால் மூன்று மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, பின்னால் துரத்தக் கூடாது, கண்ணில் விளக்கு அடிக்கக் கூடாது என்ற மூன்றையும் அவர் ஒரே நேரத்தில் மீறினார். கீழிருந்து மேலே எழும்பும் குமிழியும் விளக்கும் அதன் வழியை மறித்தன. படகில் மூத்த ஃபிட்டர் அவரிடம் கடிந்துகொள்ளாமல் சொன்னது: "தம்பி, நீ போகாம இருந்திருந்தா அது நம்மகிட்ட வந்திருக்கும்." உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த அண்ணன் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு முறை போவதென்றால்

எடைச் சோதனையைக் குளத்தில் செய்தாலும் கடல் கணக்குக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்; முதல் நாள் முக்குளிப்பு முடியும் தறுவாயில், 50 பாரில், 5 மீட்டர் ஆழத்தில் மிதப்பு சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். ஃபெஸ்துவுக்கு ஓர் இரவு மட்டும் ஒதுக்கும் பயணத்தை எடுக்க வேண்டாம். இரண்டு இரவு நிற்கும் படகு, அல்லது முதல் இரவு வாய்க்காவிட்டால் இன்னொரு இரவு நிற்கச் சம்மதிக்கும் படகு. கடைசி இரவில் வைத்துக்கொள்வதும் ஆபத்து: பல முக்குளிப்புகளுக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரவு 10 மணிக்கு மேலே வந்தால் மறுநாள் மாலை 4 மணிக்கு முன் பறக்கக் கூடாது.

மாலை 5 மணிக்குள் காயலுக்குள் இருக்க வேண்டும். இருட்டு வருமுன்னே, 6 மணிக்கெல்லாம், விளக்கு எரிய வேண்டும். சாப்பாடு விளக்குக்குக் காத்திருக்கட்டும்.

1.15-க்கு வந்த இரண்டையும் பார்க்க டேங்க்கூடத் தேவையில்லை. அவை நீர்மட்டத்தை ஒட்டித் தின்றுகொண்டிருந்தன. முகமூடி, மூச்சுக்குழாய், பிடித்துக்கொள்ளப் பின்புறப் பலகையிலிருந்து ஒரு கயிறு, மேலே பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இருந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம். நைட்ரஜன் கணக்கும் இல்லை, காற்றுக் கணக்கும் இல்லை. அதற்குத் தேவைப்பட்டது படகோட்டி அறைக் கதவில் ஒட்டிய ஒரு தாள்: எட்டுப் பேரின் அறை எண்கள், கீழே "மான்டா வந்தால் எந்த நேரமானாலும் எழுப்புங்கள்" என்று ஆங்கிலத்திலும், ஊழியரைக்கொண்டு மாலத்தீவு மொழியான திவேஹியிலும் எழுதிய ஒரு வரி. இரவுக் காவல் மாறும்போது அடுத்த ஆளிடமும் சொல்லிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். 12 மணிக்கு ஆள் மாறும்.